காபி மாறியதா, நாக்கு மாறியதா? செயின் கடையில் கண்டுபிடிக்கும் வழி

ஆறு வருஷமாக ஒரே கடைக் காபிதான். சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகும்போதெல்லாம் திண்டிவனம் தாண்டி அவர்களுடைய கிளை ஒன்றில் நிறுத்துவோம், ஊருக்குள் என் ஆபீஸ் பக்கம் இன்னொரு கிளை, ஆக மாதத்துக்குப் பதினைந்து டம்ளராவது உள்ளே போயிருக்கும். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கடைதான் இப்படி என்று ஆகிவிடும், நான் பார்த்தவரை பாதி செயின் கடைகளின் கதை இதுதான்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போகையில் மாமியாரும் கூட வந்தார். அவர் பிறந்து வளர்ந்தது கும்பகோணம், காபி விஷயத்தில் அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. டபராவில் ஊற்றி ஒரு வாய் குடித்தார், கீழே வைத்தார். "பால்ல சாயம் போட்டுக் குடுத்திருக்கான். நீயும் இதையா ஆறு வருஷமாக் குடிக்கிற?"

எனக்குக் கோபம் வந்தது, கடைக்காரர் மேல் இல்லை, மாமியார் மேல். அப்புறம் அவர் விட்டுவைத்ததை எடுத்து நான் ஒரு வாய் குடித்தேன். சாயம்தான்.

இதில் என்னை உறுத்தியது காபி கெட்டது கூட இல்லை, கெட்டது எனக்குத் தெரியாமல் போனதுதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் மறுநாளே கூட்டம் குறைந்துவிடும் என்று கடைக்குத் தெரியும். அதனால் ஒரு மாதம் பாலில் கை வைப்பார்கள், நாலு மாதம் கழித்துப் பொடியில், அப்புறம் டம்ளரின் அளவில். ஒவ்வொரு தடவையும் மாற்றம் அவ்வளவு சின்னது, "இன்னிக்கு மாஸ்டர் லீவு போல" என்று நாமே அவர்களுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு குடித்துவிட்டு வந்துவிடுவோம். அதற்குப் பிறகு நான் இரண்டு மாதம் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகவே இறங்கி, எது குறைந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்கள் கடையிலும் சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில் நம் நாக்கைச் சந்தேகப்படுங்கள்

கடையைத் திட்டுவதற்கு முன் நம்மைச் சோதித்துக்கொள்வது நல்லது. பல் தேய்த்த கையோடு குடித்தால் எந்தக் காபியும் கசக்கும். பேஸ்ட்டில் நுரைக்காகப் போடும் சோடியம் லாரில் சல்ஃபேட் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பை மட்டுப்படுத்திக் கசப்பைத் தூக்கிக் காட்டும். சளி பிடித்திருந்தால் மணமே தெரியாது, மணம் போனால் காபியில் பாதி போச்சு. என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது: மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரையை இரண்டு ஸ்பூனிலிருந்து அரை ஸ்பூனாகக் குறைத்தேன். அதுவரை சர்க்கரை மறைத்துக்கொண்டிருந்த குற்றமெல்லாம் அதற்கப்புறம்தான் தெரிய ஆரம்பித்திருக்கும். அதனால் நீங்கள் சோதிக்கப்போகும் நாட்களில் சர்க்கரையைத் தனியாகக் கேளுங்கள். கடைகளில் பாதித் திருட்டு சர்க்கரைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது.

அடுத்தது, ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். "முன்னாடி நல்லா இருந்தது" என்பது அளவுகோல் இல்லை, ஞாபகம் எப்போதும் கொஞ்சம் நெய் ஊற்றித்தான் பரிமாறும். வீட்டில் ஒரு காபி போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், கடைக்குப் போட்டியாக இல்லை, ஒப்பிடுவதற்காக. பக்கத்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் பீபெரியும் பிளான்டேஷன் ஏ-வும் பாதிப் பாதியாக, சிக்கரி இல்லாமல், பில்டருக்கென்று சொல்லி நூறு கிராம் மட்டும் வாங்குங்கள். (பிளான்டேஷன் ஏ என்பது அராபிகா என்ற காபி வகையில் பெரிய கொட்டை. பீபெரி என்றால் ஏதோ உயர்ந்த ஜாதி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் உருண்டையாக ஒன்றே விளைந்தால் அது பீபெரி, அவ்வளவுதான்.) அரைத்த பொடி நாளுக்கு நாள் மணம் இழக்கும் என்பதால் கால் கிலோ வேண்டாம்.

பில்டரின் மேல் பாத்திரத்தில் தலைதட்டாமல் நாலு ஸ்பூன் பொடி, லேசாக அழுத்தி, குடையை வைத்து, கொதித்து இறக்கி அரை நிமிஷம் ஆன தண்ணீர் நூறு மில்லிக்குக் கொஞ்சம் மேலே. இருபது நிமிஷத்தில் இறங்கிவிட வேண்டும். இரண்டே நிமிஷத்தில் இறங்கினால் பொடி நறநற, ஒரு மணி நேரமாகியும் சொட்டிக்கொண்டிருந்தால் பொடி மாவு அல்லது நீங்கள் ரொம்ப அழுத்திவிட்டீர்கள். ஒரு பங்கு டிகாக்‌ஷனுக்கு மூன்று பங்கு பால், தண்ணீர் கலக்காமல் அப்போதுதான் பொங்கி இறக்கியது. ஒரு வாரம் இதையே குடியுங்கள். அதற்கப்புறம் கடைக்குப் போனால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும், மாமியார் தேவையில்லை.

அளவு: நுரையை நம்பாதீர்கள்

இதுதான் சுலபமான சோதனை. நன்றாக ஆற்றிய காபியில் நுரை வரத்தான் செய்யும், அழகுதான், ஆனால் நுரைக்கு விலை கொடுக்க முடியாது. டபராவில் ஊற்றினால் மட்டும் போதாது, இரண்டு நிமிஷம் அப்படியே விட்டுவிட்டு நுரை அடங்கியதும் பாருங்கள். அந்தக் கடையில் டம்ளர் அதேதான், ஆனால் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது காபி.

பார்சல் கப்பாக இருந்தால் கணக்கே எடுத்துவிடலாம். மூடியைத் திறந்து, நுரை அடங்கிய பிறகு காபி எது வரை இருக்கிறது என்று பேனாவால் ஒரு கோடு. குடித்து முடித்துக் கப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றி, குழந்தை மருந்துக்குக் கொடுக்கும் மில்லி போட்ட மூடியால் அளந்துவிடுங்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். ஆனால் ஆபீஸ் பக்கக் கிளையில் 90 மில்லி, திண்டிவனம் தாண்டி இருக்கும் கிளையில் 75 மில்லி, இரண்டுக்கும் ஒரே விலை என்று தெரிந்ததும் அவரும் அளக்க உட்கார்ந்துவிட்டார்.

டிகாக்‌ஷன்: குற்றம் இங்கேதான் அதிகம்

கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய், "அண்ணே, டிகாக்‌ஷன் மட்டும் கொஞ்சம் தனியா ஒரு டம்ளர்ல குடுங்க, காசு போட்டுக்கங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், கொஞ்சம் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதில் அதே அளவு வெந்நீர் ஊற்றி, சர்க்கரை இல்லாமல் குடியுங்கள். பால் இல்லாத டிகாக்‌ஷன் பொய் சொல்லாது.

கவனிக்க வேண்டியது மூன்று. நாக்கில் பிசுபிசுவென்று கனமாக, கருகின வெல்லம் மாதிரி ஒரு இனிப்புக் கலந்த கசப்பு நின்றால் சிக்கரி தூக்கல். விழுங்கினதும் தொண்டையில் பிறாண்டுகிற மாதிரி, புளிப்பும் கசப்புமாக இருந்தால் டிகாக்‌ஷன் பழசு. சூட்டிலேயே மணிக்கணக்காக வைத்திருந்தால் காபியில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் உடைந்து வேறு அமிலங்களாகப் பிரிவதால் வரும் பிறாண்டல் அது. மணமே இல்லாமல், முரட்டுத்தனமாக, தானியம் வறுத்த மாதிரி ஒரு வாசனை மட்டும் இருந்தால் ரொபஸ்டா என்ற இன்னொரு காபி வகை கூடியிருக்கிறது. ரொபஸ்டாவே கெட்டது என்று நான் சொல்லவில்லை, அளவாகக் கலந்தால் டிகாக்‌ஷனுக்குத் திடம் கொடுக்கும், அராபிகாவைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கஃபீன் அதில். சிக்கரியில் கஃபீன் சுத்தமாக இல்லை. அதனால் காலையில் இரண்டு டம்ளர் குடித்தும் கண் திறக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தடயம்.

சிக்கரி மேல் எனக்குப் பகை கிடையாது. அது ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தால் நிறமும் கனமும் கொடுக்கும், நம் ஊரில் பத்திலிருந்து இருபது சதவீதம் சேர்த்துக் குடித்துப் பழகியவர்கள் ஏராளம், அவர்களிடம் சுத்தக் காபியைக் கொடுத்தால் "என்னம்மா தண்ணியா இருக்கு" என்பார்கள். பிரச்சினை, சேர்ப்பது இல்லை, சொல்லாமல் ஏற்றுவது. காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பதும் சட்டம். அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி போட்டாலும் பாக்கெட்டில் எழுதிவிட்டால் சட்டப்படி சரி. ஆனால் டம்ளரில் வரும் காபிக்கு ஏது பாக்கெட்?

கடையில் அவர்கள் பெயரிலேயே பொடி விற்றால் ஒன்று வாங்கிப் பின்பக்கம் படியுங்கள். எழுத்து எறும்பு சைஸில் இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய பழைய பாக்கெட் வீட்டு அலமாரியில் கிடந்தால் யோகம், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் கிடந்தது, கடுகு கொட்டி வைத்திருந்தேன். பழையதில் 80:20, புதியதில் 65:35. நிறம், படம், எழுத்து எதுவும் மாறவில்லை.

எழுத்தில் நம்பிக்கை இல்லை என்றால் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி மேலே ஒரு ஸ்பூன் பொடியை மெதுவாகத் தூவுங்கள், கலக்க வேண்டாம். காபி மிதக்கும், சிக்கரி கீழே இறங்கும், இறங்கும்போதே பழுப்பு நிறத்தில் கோடு கோடாகச் சாயம் விட்டுக்கொண்டு போகும். எத்தனை சதவீதம் என்று இது சொல்லாது, ஆனால் சிக்கரி இல்லாத பொடியைப் பக்கத்து டம்ளரில் தூவி வைத்துப் பார்த்தால் கூடுதலா குறைவா என்று தெரியும். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், என் மகள் நாலு தடவை செய்து பொடியைத் தீர்த்துவிட்டாள்.

ஏன் ஏற்றுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி வந்து காபி விலை எங்கேயோ போய்விட்டது; 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது, அதுவரை இல்லாத உச்சம். நம் நாட்டில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான் போகிறது என்பதால் சிக்மகளூரிலும் குடகிலும் விலை அங்கே போகிற வழியில்தான் போகும். கடைக்காரர் முன்னால் இரண்டு வழிதான், விலையை ஏற்றுவது, இல்லை பொடியை இறக்குவது. என் கடை இரண்டையும் செய்தது. 25 ரூபாய் காபி 40 ரூபாயாகி, பொடியும் இறங்கியது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 45 என்று போட்டுப் பழைய காபியைக் கொடுத்திருந்தால் முனகிக்கொண்டே கொடுத்திருப்பேன்.

பால்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடையில் நின்றுகொண்டு பாலைச் சோதிக்க முடியாது. ஆனால் பாக்கெட்டைப் பார்க்க முடியும். காலையில் கடை திறக்கும் நேரத்தில் வாசலில் கிரேட் அடுக்கியிருப்பார்கள். ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதம் கொழுப்பு, நீலம் 3 சதவீதம். பெரிய பெயர்ப் பலகையில் டிகிரி காபி என்று எழுதிவிட்டு உள்ளே நீலம் அடுக்கியிருந்தால் சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த டிகிரி என்ற சொல்லே பாலின் சுத்தத்தைப் பால்மானியில் டிகிரி பார்த்து வாங்கியதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு, சிக்கரிதான் டிகிரி ஆனது என்று எதிர்க்கதையும் உண்டு. என் கடைக் காபியைப் பார்த்தால் இரண்டாவது கதைக்காரர்கள் ஜெயித்துவிடுவார்கள்.

இன்னொன்று, பால் நாள் முழுக்க அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி வற்றின பாலுக்கு ஒரு வெந்த வாடை வரும், காபியை அது அமுக்கிவிடும். வற்ற வற்றத் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டுவதும் நடக்கும், நீங்கள் கவுன்டரில் நாலு நிமிஷம் நின்றால் கண்ணால் பார்க்கலாம்.

மூன்று டம்ளர் சோதனை

இவ்வளவு பார்த்த பிறகும் "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அவர்களுக்காக இது. இரண்டு கிளையிலிருந்து, அல்லது செயின் கடையிலிருந்து ஒன்றும் தெருமுனைக் கடையிலிருந்து ஒன்றும், ஒரே மாதிரி பிளாஸ்கில் காபி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒரே மாதிரி மூன்று டம்ளர். இரண்டில் ஒரு கடைக் காபி, ஒன்றில் மற்ற கடைக் காபி. ஊற்றுபவர் வேறு, குடிப்பவர் வேறு, குடிப்பவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். தனியாக நிற்கும் டம்ளர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும், நல்லது எது கெட்டது எது என்றுகூடச் சொல்ல வேண்டாம். குருட்டாம்போக்கில் ஒரு தடவை சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, மூன்று தடவையும் சரியாகச் சொல்ல இருபத்தேழில் ஒன்றுதான். உணவு கம்பெனிகளே தங்கள் சரக்கைச் சோதிக்க இந்த முறையை வைத்திருக்கிறார்கள்.

நான் மூன்றில் மூன்று. வீட்டுக்காரர் மூன்றில் ஒன்று, அதற்கப்புறம் காபியைப் பற்றிக் கருத்துச் சொல்வதை விட்டுவிட்டார். அதற்காகவாவது செய்யலாம்.

மாஸ்டர் எங்கே போனார்?

செயின் கடைகளில் கவனிக்காமல் விடும் விஷயம் இது. முதல் இரண்டு மூன்று கிளைகளை நடத்தும்போது ஒவ்வொன்றிலும் கை பழகிய ஒரு மாஸ்டர் இருப்பார், பில்டர் பின்னால் வரிசையாக நிற்கும், எப்போது எதை இறக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். நாற்பது கிளை ஆனதும் நாற்பது மாஸ்டருக்கு எங்கே போவது? டிகாக்‌ஷனை ஒரே இடத்தில் இறக்கிக் கேனில் அனுப்ப ஆரம்பிப்பார்கள், இல்லாவிட்டால் மெஷின் வைப்பார்கள், பட்டனை அமுக்கப் போன வாரம் சேர்ந்த பையன் போதும். அந்தப் பையனைத் திட்டிப் பிரயோசனமில்லை, அவன் கையில் எதுவும் இல்லை. கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்: பில்டர் இருக்கிறதா, குழாய் வைத்த கேன் மட்டும் இருக்கிறதா? கேன் என்றால் அந்த டிகாக்‌ஷன் எத்தனை மணிக்கு எங்கே இறங்கியது என்று கடையில் இருப்பவர்களுக்கே தெரியாது.

பழைய மாஸ்டர் போய்விட்டார் என்றால் எங்கே போனார் என்று விசாரியுங்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும். ஆபீஸ் பக்கக் கிளையில் இருந்தவர் இரண்டு தெரு தள்ளி ஒரு மெஸ்ஸில் காலை மட்டும் நிற்கிறார் என்று அப்படித்தான் கண்டுபிடித்தேன். பார்த்ததும் சிரித்தார். "அக்கா, சர்க்கரை கம்மியா, ஆத்தாம, அதானே?" காபி வாயில் படுவதற்கு முன்பே எனக்குப் பாதித் திருப்தி. 20 ரூபாய்.

எப்படிச் சொல்வது

"காபி நல்லா இல்லை" என்று சொல்லாதீர்கள். அதற்குக் கடையில் பதில் தயாராக இருக்கிறது: "வேற போட்டுத் தரவா மேடம்?" அதே கேனிலிருந்து வேறு ஒன்று வரும். எது குறை என்று பிரித்துச் சொன்னால்தான் எதிரில் இருப்பவர் யோசிப்பார். "டிகாக்‌ஷன் எப்ப இறக்கினது தம்பி? புதுசு இறக்கும்போது சொல்லுங்க, பத்து நிமிஷம் உட்கார்றேன்" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். உட்கார வைத்தார்கள், கொடுத்தார்கள், அன்றைக்கு மட்டும் காபி பிரமாதம். அதாவது பொடி மட்டும் குற்றவாளி இல்லை, வைத்திருந்து ஊற்றுவதும்தான் என்று தெரிந்தது. கூட்டமாக இருக்கும் ஏழரை மணிக்குப் போனால் காபி நன்றாக இருக்கும், பதினொன்றரைக்குப் போனால் இருக்காது, இதுவும் அதே காரணம்தான். நாள் தேதி போட்டு நாலைந்து தடவை குறித்து வைத்தால் உங்களுக்கே விளங்கிவிடும்.

கிளை மேனேஜரிடம் சொல்வதால் பெரிதாக ஒன்றும் நடக்காது, பொடி வாங்குவது அவர் இல்லை. கம்பெனிக்கு மெயில் எழுதுங்கள். கோபம் வேண்டாம், "உங்கள் தரம் தாழ்ந்துவிட்டது" என்ற மாதிரி வாக்கியமும் வேண்டாம், அதைப் படிப்பவருக்கு ஒரு நாளைக்கு அம்பது வரும். எந்தக் கிளை, என்ன தேதி, எத்தனை மணி, பில் எண், எத்தனை மில்லி, பழைய பாக்கெட்டில் என்ன சதவீதம், புதியதில் என்ன, இரண்டின் படமும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: கடையில் ஊற்றும் காபிக்கு இப்போது எந்தக் கலவை? நான் எழுதியது ஏழே வரி. ரேட்டிங் போடும் இடத்திலும் இதையே போடுங்கள். ஒரு நட்சத்திரம் போட்டு "வேஸ்ட்" என்று எழுதுவதைவிட, "75 மில்லி, 40 ரூபாய்" என்று எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர் டம்ளரைப் பார்ப்பார்கள்.

சட்டம், புகார் என்று இறங்குவதற்கு முன் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். சுவை குறைந்தது குற்றமில்லை, அந்த 49 சதவீதத்துக்குள் சிக்கரி கூடியதும் குற்றமில்லை. பால் திரிந்து போயிருந்தது, டம்ளரில் பூச்சி கிடந்தது, சுத்தம் மோசம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போகலாம், ஃபுட் சேஃப்டி கனெக்ட் என்ற ஆப்பிலும் பதியலாம். அதற்குக் கடையின் உரிம எண் உதவும், 14 இலக்கம், 2022 ஜனவரியிலிருந்து பில்லிலேயே இருக்க வேண்டும். இல்லை என்றால் அதையும் கேளுங்கள். பலகையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்ற மாதிரித் தகராறுக்கு 1915, அது தேசிய நுகர்வோர் உதவி எண். மற்றபடி நம் கையில் இருப்பது போகாமல் இருப்பது மட்டும்தான்.

எனக்குப் பதில் பன்னிரண்டு நாளில் வந்தது. "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று தொடங்கி, என் கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, அவர்களுடைய எந்தக் கிளையிலும் இலவசமாக ஒரு காபி குடிக்க ஒரு கூப்பன் இணைத்திருந்தார்கள்.

திண்டிவனம் தாண்டி இப்போதும் அங்கேதான் நிறுத்துகிறோம், அந்தப் பாதையில் அவ்வளவு சுத்தமான கழிப்பறை வேறு எங்கும் கிடையாது. காபி பிளாஸ்கில் வருகிறது, மாமியார் போட்டது. போன மாதம் அந்தக் கடை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார், உள்ளேயிருந்து பார்த்த பையன் ஒன்றும் சொல்லவில்லை, காலி டம்ளர் இரண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.